கடைசி வரியில் மூடாத உதடு

என் அக்கா, வந்து நிற்கும் ரயிலில் ஏறமாட்டாள். தாம்பரம் நடைமேடையில் காலை நேரத்தில் செங்கல்பட்டு வண்டி வாசல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும். நான் லேடீஸ் பெட்டிக் கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து, தோளை நுழைத்து, யார் செருப்பின் மேலோ ஒரு காலை ஊன்றி ஏறியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரமாக நிற்பாள். "இந்த வண்டி போகட்டும்டி" என்பாள். "பின்னாடியே தாம்பரம் வண்டி காலியா கிளம்பும். உக்காந்துட்டுப் போலாம்." அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஒரு வண்டி கண்ணெதிரே நிற்கும்போது அதில் ஏறாமல் இருப்பது எப்படி என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பாதி நாள் ஏறிய வண்டியிலிருந்து திட்டிக்கொண்டே இறங்கி அவளோடு நின்றிருக்கிறேன். மீதி நாள் ஏறிப் போய்விட்டு, பல்லாவரம் நடைமேடையில் அவள் வண்டி வரும்வரை காத்திருந்து, ஜன்னலோரத்தில் அவள் உட்கார்ந்து போவதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுவேன். அவசரப்பட்டு என்ன மிச்சம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அவளுக்கு எல்லாமே போகட்டும்தான். புது சுடிதாரை அம்மா இஸ்திரிப் பெட்டியில் தீய்த்தபோது போகட்டும். சர்ச் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டை அவளிடமிருந்து வாங்கி வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தபோதும் போகட்டும். எனக்குத்தான் வயிறு எரியும். அந்தப் பெண்ணுக்கு மேல் ஸ்தாயி எட்டாது என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியும். அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். அதில் இரண்டு பேர் பொறுமைசாலிகள். "பதறாத காரியம் சிதறாது" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லாத நாளில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள் என்றுதான் பக்கத்து வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்துவாள்.

வீடியோ, சினிமா சொல்லித்தரும் விஸ்காம் படிப்பில் நான் மூன்றாம் வருடம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று துறையில் சொன்னார்கள். சினிமாப் பாட்டு கூடாது, சொந்தப் பாட்டாக இருக்கவேண்டும், கம்ப்யூட்டரில் நாங்களே எடிட் செய்யவேண்டும். என் ஜோடி, கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் ஒரு தோழி. அவள் மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். நிக்காஹ், முகூர்த்தம், சர்ச் கல்யாணம் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவர்தான். அதனால் அவள் கைக்கு டிஜிட்டல் கேமராவும் எட்டும், வீட்டில் எடிட்டிங் கம்ப்யூட்டரும் உண்டு. கேமராவுக்காகத்தான் நான் அவளோடு ஒட்டிக்கொண்டேன் என்று வகுப்பில் பேச்சு. அது பொய்யில்லை. ஆனால் ஒரு சப்பாத்தியை அவள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் நான் கேன்டீனை இரண்டு சுற்று வந்துவிடுவேன். அப்படியொருத்தியோடு ஒரு வேலையை முடிப்பதென்றால் எனக்கு என்ன பாடு என்று யாரும் யோசிக்கவில்லை.

பாட்டு வீட்டிலேயே இருந்தது. அக்கா நடைமேடையில் நின்றபடி முணுமுணுப்பது. எங்கோ கேட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவளிடமே விசாரித்தபோது, "நானே கட்டினதுதான்டி, சும்மா" என்றாள். அதை அவளே பாடவேண்டும் என்று நான் நச்சரித்து, கிண்டி எஸ்டேட்டில் அவள் செக்கிங் வேலை பார்த்த ரெடிமேட் துணி எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அரை நாள் லீவு போடவைத்து, குரோம்பேட்டையில் பக்திப் பாட்டு கேசட் போடும் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போனேன். கீபோர்டு வாசித்தவரே அங்கே முதலாளியும். கடைசி நான்கு வரிக்கு இசை வேண்டாம், குரல் மட்டும் தனியாக நிற்கட்டும் என்றார். ரசனையில் சொன்னாரா, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று சொன்னாரா தெரியாது. ஆனால் அந்த நான்கு வரிதான் பாட்டிலேயே நன்றாக வந்தது.

*கதவோரம் தொங்காதே, கை வலிக்கும்*
*கடைசி நிறுத்தம் எப்படியும் வரும்*
*பதறாமல் நில்லம்மா கொஞ்ச நேரம்*
*இந்த வண்டி போகட்டும்*

யாரைப் பார்த்துக் கட்டிய பாட்டு என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. குரல் அவளுடையது, முகம் என்னுடையது என்று முடிவானது. கேமரா முன்னால் நிற்க அவளுக்குக் கூச்சம். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒரு செய்தியோடு வந்தாள். கம்பெனி பெங்களூரில் புது யூனிட் திறக்கிறது. அங்கே செக்கிங் பிரிவுக்கு அவளை சூப்பர்வைசராகப் போகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "உன் இஷ்டம்மா" என்றாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்ன சொல்ற?"

போகக்கூடாது என்பதுதான் என் பதில். அது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. நான் கத்தினால் திருப்பிக் கத்தாத ஒரே ஆள் அவள். பரீட்சைக்கு முன்னால் என் காலைத் தன் மடியில் போட்டு அசையாமல் பிடித்துக்கொள்வாள். அப்போதுதான் எனக்குப் புத்தகத்தில் எழுத்து தெரியும். இதையெல்லாம் அம்மா எதிரில், கீரைத் தண்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? தவிர, இதையும் அவள் போகட்டும் என்று விட்டுவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை. எதைத்தான் அவள் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள்?

"எனக்கென்ன, உன் இஷ்டம்" என்றேன். டேப் ரெக்கார்டரைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

டேப் ரெக்கார்டர் எதற்கென்றால், பாட்டை ஒலிக்கவிட்டு அதோடு சேர்ந்து வாயசைத்தால்தான் பிறகு கம்ப்யூட்டரில் ஸ்டூடியோப் பாட்டைப் படத்தின் மேல் வைக்கும்போது உதடும் சொல்லும் ஒட்டும். ஸ்டூடியோவில் கொடுத்தது சி.டி. வெட்டவெளியில் சி.டி. போட எங்களிடம் ஒன்றும் இல்லை. அதனால் பாட்டை கேசட்டில் ஏற்றி, வீட்டிலிருந்த பழைய டேப் ரெக்கார்டரில் பெரிய பேட்டரிக் கட்டைகளைப் போட்டு எடுத்துப் போனோம். படம் டிஜிட்டல், பாட்டு கேசட். அந்த வருடங்களில் எல்லாமே இப்படிப் பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும்தான் இருந்தது.

பாட்டின் வரிசைப்படியே எடுக்கவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். முதல் சரணத்துக்கு ரயில் நிலையம். கேமராவைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்து முழுசாக ஒரு ஷாட் முடிப்பதற்குள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னா பண்ணிகினு கீறீங்க ரெண்டு பேரும்?"

"காலேஜ் ப்ராஜெக்ட் சார்."

"பர்மிசன் கீதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த என்னைத் தோழி கிள்ளினாள். "அஞ்சு நிமிஷம் சார்" என்று பொறுமையாகக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. "பேஜார் பண்ணாம கெளம்புங்க" என்றார். நான் அவரிடம் எந்தச் சட்டம் என்று கேட்கப் போனேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். மீதிப் பாட்டைப் பல்லாவரம் மலைமேல் எடுத்துவிடலாம், அங்கேயிருந்து பார்த்தால் ரயிலும் தெரியும், ஏரோப்ளேனும் தெரியும் என்றாள். அது நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றவில்லையே என்று கோபமாக வந்தது.

மலைமேல் வெயில் கொளுத்தியது. பாறையில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, திரும்பித் திரும்பி ஒரே வரியை வாயசைத்தேன். அவள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவின் முக்காலி ஸ்டாண்டை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் வைத்த இடத்துக்கே திரும்புவாள். மதியம் தாண்டியதும் டேப் ரெக்கார்டர் முனக ஆரம்பித்தது. கீழே இறங்கிப் போய் பேட்டரி வாங்கிவர எனக்குப் பொறுமை இல்லை. கட்டைகளைக் கழற்றிச் சூடான பாறைமேல் அடுக்கிவைத்தோம். வெயில் பட்டால் பேட்டரிக்கு உயிர் வரும் என்பது எங்கள் தெருவில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அதுவும் போதாமல் ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து நசுக்கிக் கொடுத்தேன். நாக்கில் துருச்சுவை. திரும்பப் போட்டதும் அக்காவின் குரல் கிளம்பியது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். டிஜிட்டல் யுகத்தில் பேட்டரியைக் கடித்து வேலை பார்த்த டைரக்டர் நானாகத்தான் இருப்பேன்.

அந்த மதியம் முழுக்கப் பாட்டு நன்றாக இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். காலையில் இருந்ததைவிட நிதானமாக, ஆழமாகக் கேட்டது. முதல் தடவையாக எனக்கே அந்தப் பாட்டு புரிகிற மாதிரி இருந்தது. வெயிலில் நின்று மண்டை காய்ந்ததில் இருவரில் ஒருவருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை.

கடைசி நான்கு வரிக்கு வரும்போது சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் மலை விளிம்பில் ஒரு பாறைமேல் தனியாக நிற்கவேண்டும், அவள் தூரத்திலிருந்து என் முகத்துக்கு ஜூம் வருவாள். மூன்றாவது வரியில் டேப் ரெக்கார்டர் ஒரு உறுமல் உறுமி அடங்கிவிட்டது. நான் கேமராவைப் பார்த்துக் கையை விரித்தேன். அந்த நாளில் ஒரே ஒரு தடவை அவளும் அவசரப்பட்டாள். "லைட் போவுதுடி! பாட்டு வேணாம், முதல் வரியிலேர்ந்து வாயை மட்டும் அசை. உனக்குத்தான் மனப்பாடமாச்சே!" என்று கத்தினாள். மதியம் முழுக்கக் கேட்ட அதே நிதானத்தில் நான்கு வரியையும் வாயசைத்தேன். கடைசி வரியின்போது தலைக்கு மேல் ஒரு ஏரோப்ளேன் இறங்கியது. அதன் சத்தத்தில் எனக்கே நான் கேட்கவில்லை. கீழே ரயில் ஒன்று தாம்பரம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா நினைப்பு வந்தது. "ஓகே!" என்று தோழி கத்தியதும் குதித்து இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு லே-அவுட்டில், சுற்றிலும் மனைக்கல் மட்டும் நட்டிருந்த இடத்தில் அவள் வீடு. டிஜிட்டல் என்றால் பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏறுவதற்கு, கேமராவுக்குள் ஓடிய குட்டி வீடியோ டேப் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டுமாம். வேகமாக ஓட்ட வழியில்லை. நான் வெயிலில் பட்ட அத்தனை நேரத்தையும் அது இன்னொரு தடவை என்னைப் படவைத்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய், திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வாசலுக்குப் போனேன். "உக்காருடி, வயரைத் தட்டிவிட்டுடாதே" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

கேமராவின் மைக், மலைமேல் டேப் ரெக்கார்டரில் ஓடியதையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தது. காலை ஷாட்டுகளில் அக்காவின் குரல் அக்காவின் குரலாகவே இருந்தது. மதியத்து ஷாட் ஏறியபோது தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருடி இது பாடறது?"

அக்கா அண்ணனாகியிருந்தாள். ஷாட்டுக்கு ஷாட் அந்த அண்ணனுக்கு வயசும் கூடிக்கொண்டே போனது. பேட்டரி இறங்க இறங்க கேசட் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. நானும் அதோடு சேர்ந்து மெதுவாக வாயசைத்திருக்கிறேன். ஸ்டூடியோப் பாட்டை மேலே வைத்துப் பார்த்தால் பாட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது, என் உதடு பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருகிறது. பாறைமேல் நான் கேட்ட நிதானமும் ஆழமும் செத்துக்கொண்டிருந்த பேட்டரி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

திரும்ப எடுக்க வழியில்லை. முகூர்த்த மாதம், கேமரா அன்றைக்கே மாமாவோடு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சமர்ப்பிக்கவேண்டும். அவள் படத்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். உதடு கிட்டே வந்தது, ஆனால் நான் காலில் நிஜமாகவே வெந்நீர் கொட்டினவள் மாதிரித் துள்ளினேன். "நிஜத்துலயும் நீ இப்படித்தான் இருக்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள். பாட்டை மெதுவாக்கினால் அக்கா மறுபடி அண்ணனானாள். குரல் மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கிற ஒரு வித்தையும் அந்த சாஃப்ட்வேரில் இருந்தது. அதில் அக்கா வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நீலக்கோடு திரையில் ஊர்ந்து முடிகிறவரை காத்திருக்கவேண்டும். அந்தக் கோட்டைப் போல ஒரு ஜென்ம விரோதி எனக்கு இருந்ததில்லை.

கடைசியில் அவள்தான் வழி கண்டாள். எல்லாச் சொல்லையும் ஒட்டவைக்க வேண்டாம் என்றாள். "ப, ம ரெண்டுதான் முக்கியம். அந்த எழுத்து வரும்போது உதடு ஒட்டியாகணும். அங்க மட்டும் ஆணி அடிச்சுட்டா, நடுவுல என்ன ஆடினாலும் யார் கண்ணுக்கும் தெரியாது." எழுத்துகளின் பிறப்பு என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் நடத்தும்போது நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். இப்போது பாட்டு முழுக்க ப-வையும் ம-வையும் தேடிக்கொண்டு உட்கார்ந்தோம். உதடு ஒட்டும் இடத்தில் படத்தை வெட்டி, பாட்டின் எழுத்துக்கு நேராக நகர்த்தி, நடுவில் விழுந்த ஓட்டையை ரயில், பாறை, என் செருப்பு என்று எதையாவது வைத்து மூடி, இரண்டு சரணத்தைக் கரையேற்றினோம். அதற்கே நாட்கள் ஓடிவிட்டன.

கடைசி நான்கு வரி மட்டும் எந்த வைத்தியத்துக்கும் மசியவில்லை. ஒரே ஷாட், வெட்டினால் அழகு போய்விடும். முகம் பெரிதாக வருவதால் மறைக்கவும் முடியாது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த நான்கு வரியில் இசை இல்லை, குரல் மட்டும்தான். என் உதட்டைப் பார்த்து அக்காவே அதே நிதானத்தில் இன்னொரு தடவை பாடிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க பெங்களூரைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் அவள் பதில் சொல்லவேண்டும். ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டலூர்ப் பக்கத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் கதவருகே நின்றேன். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதும். உட்காரவில்லை.

லாரிச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் ஒரு மெத்தையைச் சாத்திவைத்திருந்தாள் தோழி. ஃபேனை நிறுத்தியதும் அறை வெந்தது. இன்டர்நெட்டில் சாட் பண்ணுவதற்கு வாங்கிய ஹெட்செட்டின் மைக்தான் எங்கள் ஸ்டூடியோ. அக்கா திரையில் என் முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, எவ்வளவு கறுத்துட்ட" என்றாள். பிறகு சத்தமில்லாமல் ஓடிய அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் உதடு என் உதட்டோடு அசைந்தது. கை விரல் தொடையில் தாளம் போட்டது. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவரின் கையைப் பார்த்துப் பாடிப் பழகியவள். அவளுக்கு ஒரு வாயைப் பார்த்துப் பாடுவது கஷ்டமாக இல்லை. முதல் மூன்று வரி இரண்டாவது முயற்சியிலேயே சிக்கென்று உட்கார்ந்தது. 'பதறாமல் நில்லம்மா' என்பதில் ப-வும் ம-வும் அச்சு அசலாக ஒட்டியபோது தோழி திரையைத் தட்டி, "சூப்பர்க்கா" என்றாள்.

கடைசி வரி உட்காரவில்லை. 'இந்த வண்டி' வரை சரியாக வந்தது. 'போ' என்னும் இடத்தில் உதடு ஒட்டிப் பிரிந்ததும் சரி. அதற்குப் பிறகு கெட்டது. அக்கா வேகத்தை மாற்றிப் பாடினாள், இழுத்துப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் தோழி தலையை ஆட்டினாள்.

"கடைசில ம் வரணும்ல அக்கா? நீங்க ம்-னு மூடறப்ப இவ வாய் திறந்தே இருக்கு."

"மூடாம எப்படிடி போகட்டும்னு சொல்லுவ?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"தெரியல. டேப் நின்னுபோச்சு. நானா பாடினேன்" என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

தோழிக்கு ஒரு புதிர் கிடைத்துவிட்டது. ஷாட்டை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். "போகலாம்னு பாடினியா? அதுலயும் ம் வருது. போகுது? உதடு குவியணும். இங்க பாரு, குவியல. பல்லு தெரியுது. ஏ-ல முடியற வார்த்தை." திரையில் என் முகம் அசங்கி அசங்கி நகர்ந்தது. வியர்வையில் பிசுபிசுத்த, பாதி மூடிய கண்களோடு ஒரு முகம். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன், போக இடமில்லை, கதவிலும் தலையணை முட்டுக்கொடுத்திருந்தது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகாதே" என்றாள்.

தோழி அதை வைத்துப் பார்த்தாள். கா-வில் வாய் திறந்தது, தே-யில் பல் தெரிந்தது. "அதேதான்!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். "இந்த வண்டி போகாதே! ஏன், வண்டி ரிப்பேரா?" அவளுக்கு பெங்களூர் விஷயம் எதுவும் தெரியாது. அக்காவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அக்காதான் முதலில் நிறுத்தினாள். ஒரு வாரமாக வீட்டில் சொல்ல முடியாத சொல்லை, மலைமேல் நின்று, ஏரோப்ளேன் சத்தத்துக்கு நடுவில், கேமராவைப் பார்த்து நான் சொல்லியிருக்கிறேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

"அது ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா" என்றாள் தோழி. "கடைசி வார்த்தைக்கு மேல ரயில் போற ஷாட்டைப் போட்டு இவ மூஞ்சியை மூடிடறேன். உங்க வரி உங்க வரியாவே இருக்கட்டும்."

போகட்டும், அப்படியே மூடிடு என்று அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்படித்தான் அவள் சொல்லுவாள். சொல்லிவிட்டால் தப்பித்தேன் என்று ஒரு பக்கமும், சொல்லக்கூடாது என்று இன்னொரு பக்கமும் எனக்கு அடித்துக்கொண்டது.

"வேணாம்மா. அவ மூஞ்சி இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நான் பாடறேன். ஓட்டு."

நான்கு வரியையும் முதலிலிருந்து பாடினாள். மெத்தை சாத்திய அறையில் அவள் குரல் எங்கும் போகாமல் எங்களைச் சுற்றியே நின்றது. கடைசி வரியில் தான் எழுதிய சொல்லை விட்டுவிட்டு என் சொல்லைப் பாடினாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் கேட்க நினைத்ததை அவளே என் வாயில் வைத்து, சுருதி பிசகாமல், என்னைவிட நன்றாகக் கேட்டாள்.

தோழி குரலையும் படத்தையும் சேர்த்து ஓட்டிக் காட்டினாள். எங்கேயும் பிசகவில்லை. திரையில் நான் பாடினேன். அது நானே பாடியது மாதிரிதான் இருந்தது. அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கழுத்து வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு சரின்னு சொல்லப்போறேன்டி" என்றாள்.

நான் ஹெட்செட்டை எடுத்து அதன் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு. அதான் பாடிட்டேன்."

என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எனக்கு அழுகை வந்தது. தோழி இருக்கிறாளே என்று அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. தோழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டு அவ்வளவு நன்றாக வந்துவிட்டதோ என்று நினைத்திருக்கவேண்டும்.

"அப்ப இதையே வெச்சுக்கலாமா?" என்று மெல்லக் கேட்டாள். "சேவ் பண்ணிடட்டா?"

"பண்ணு" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.